எந்த ஊசியை விடுவது

விடிந்ததிலிருந்து புருல் ஒரு வேலையையும் முழுசாக முடிக்கவில்லை. கம்பளியைச் சுருட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டு மாவு மூட்டையின் வாயைக் கட்டப் போனாள். கயிறு எடுக்க உள்ளே போனவள் கயிற்றை மறந்து, தூங்குகிற பிள்ளையை ஒரு தடவை பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தாள். முற்றத்தில் லாரி பின்பலகையைத் தொங்கவிட்டு நின்றது. மத்தியானத்துக்குள் புறப்பட்டாக வேண்டும். ஆடுகளை ஓட்டிக்கொண்டு கூலி ஆட்கள் இரண்டு பேர் மூன்று நாளைக்கு முன்பே மலைக்குப் போய்விட்டார்கள். கூடாரமும் அடுப்பும் இந்த லாரியில்தான் இருந்தன. பொழுது சாய்வதற்குள் லாரி மேலே போய்ச் சேராவிட்டால் அவர்கள் இன்றைக்கும் பனியில்தான் படுக்க வேண்டும்.

ஏறினால் இறங்குவது செப்டம்பர் கடைசியில். நான்கு மாதம். அங்கே புல் உண்டு, பால் உண்டு, காற்று உண்டு. டாக்டர் கிடையாது, டவர் கிடையாது.

பிள்ளைக்குப் போன வாரம்தான் ஒரு வயது முடிந்தது. பெண் குழந்தை, பெயர் பெர்மெத். ஒரு வயதில் போட வேண்டிய ஊசி இரண்டு. குளிர்காலத்தில் பனி வழியை மூடிக் கிடந்ததால் விட்டுப்போன ஊசி ஒன்று. மூன்றும் இன்றைக்கே போட்டுவிடலாம், மலைக்குப் போகுமுன் வந்துவிடு என்று நர்ஸ் அனார்குல் இரண்டு தடவை ஆள் அனுப்பியிருந்தாள். சும்மா அவசரப்படவில்லை அவள். பக்கத்துப் பள்ளத்தாக்கில் தட்டம்மை பரவியிருந்தது. இரண்டு பிள்ளைகளை மாவட்ட ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், அதில் ஒன்று இன்னும் கண் திறக்கவில்லை என்று ரொட்டிக் கடையில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பள்ளத்தாக்குக்காரர்களும் கோடைக்கு அதே மலைக்குத்தான் வருவார்கள். ஒரே ஓடைத் தண்ணீர். பிள்ளைகள் கூடாரத்துக்குக் கூடாரம் தவழ்ந்து போகிற இடம்.

இதையெல்லாம் காலை ஆறு மணிக்குப் புருஷனிடம் போனில் சொல்லியிருந்தாள். எர்மெக் ருஷ்யாவில் கட்டட வேலை செய்கிறான். சாரத்தின் மேல் நின்றுதான் பேசினான் போலிருக்கிறது, பின்னால் இரும்பு இடிக்கிற சத்தம்.

"மூணா? ஒரே நாள்லயா?" என்றான். "குதிரைக்குக்கூட அப்படிப் போட மாட்டாங்க புருல். இங்க ஒருத்தன் சொன்னான், அவன் அக்கா பிள்ளைக்கு ரெண்டு சேத்துப் போட்டு ராத்திரி முழுக்கத் தூக்கித் தூக்கிப் போட்டுச்சாம்."

"யாரு ஒருத்தன்?"

"சிமெண்டு கலக்கறவன். அது யாரா இருந்தா என்ன. ஒண்ணு போடு. மத்ததை இறங்கின பிறகு பாத்துக்கலாம். மேல போய் ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கூப்பிடுவே?"

"சரி."

"சத்தியமா?"

"சரின்னுதான் சொல்றேனே."

அந்த 'சரி'யைச் சுமந்துகொண்டுதான் காலையிலிருந்து அலைந்துகொண்டிருந்தாள்.

ஓரகத்தி சைரா கெட்டில்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், மூன்று பேரும் பள்ளிக்கூடத்து விடுதியில். சைராவின் கை ஓயாது, வாய் அதைவிட ஓயாது.

"மூணு குத்து குத்தினா அந்த உடம்புல இடம் எங்கடி இருக்கு? ஊசி சொருகி வைக்க அது என்ன தையக்காரி வீட்டுத் திண்டா?"

"ஒண்ணுதான் போடப்போறேன் அக்கா. அவர் சொல்லிட்டார்."

"ஒண்ணுன்னாலும் சீக்கிரம் போ. ஊசி போட்டுட்டு அந்த நர்ஸம்மாகூடக் கதை பேசிட்டு உக்காந்துடாத. எங்க வீட்டுக்காரர் பன்னிரண்டு மணிக்குச் சாவியைத் திருப்பிடுவார். அப்புறம் நீ லாரிக்குப் பின்னால ஓடி வரணும்."

சைராவின் வீட்டுக்காரர் எர்மெக்கின் அண்ணன். மருமகள் மூத்தவர்களின் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பது அங்கே வழக்கம். ஆறு வருஷமாகப் புருல் அவர் பெயரைச் சொன்னதில்லை. கூப்பிடும்போது மாமா, மனசுக்குள் மூத்தவர். அவரும் பேச்சில் சிக்கனம். லாரியின் அடியில் படுத்திருந்த அவருடைய பூட்ஸ் இரண்டும் மட்டும்தான் காலையிலிருந்து தெரிந்தன.

பிள்ளையைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு புருல் நடந்தாள். பாதி வழியில் ஊசி அட்டையை மறந்துவிட்டது தெரிந்து திரும்பினாள். மறுபடியும் நடந்தாள். பெர்மெத் அவள் காது வளையத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தது.

ஊசி போடுகிற இடம் பழைய நூலகக் கட்டடம், ஒற்றை அறை. ஜன்னல் ஓரத்தில் பெரிய குளிர்ப்பெட்டி. அனார்குல் முட்டியில் கை ஊன்றி எழுந்தாள். பருத்த உடம்பு, வெள்ளைக் கோட்டின் மேல் கம்பளிச் சட்டை.

"வந்துட்டியா. உனக்காகத்தான் பொட்டியைத் திறந்து திறந்து பாத்துட்டிருக்கேன். பிள்ளைக்குச் சளி இருக்கா? காய்ச்சல்?"

"இல்லை. நர்ஸம்மா, ஒண்ணுதான் போடணும்."

"என்ன ஒண்ணு?"

"மூணுல ஒண்ணு. அவர் அப்படித்தான் சொன்னார். நான் சரின்னுட்டேன்."

அனார்குல் அதற்குக் கோபப்படவில்லை. பிள்ளையை வாங்கித் தராசில் உட்கார வைத்தாள், காது பார்த்தாள், நாக்கு பார்த்தாள், உடம்புச் சூடு பார்த்தாள். பெர்மெத் அவள் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்தது.

"பாரு," என்றாள் அனார்குல். "இந்தக் கண்ணாடி இன்னிக்கு எத்தனை மூஞ்சியைப் பாத்திருக்கும். காலையிலேருந்து உன் பிள்ளை வேற எதை எதை வாயில போட்டா?"

"என் பூட்ஸ் நாடா. ஆட்டுத்தொழுவத்துப் பக்கம் ஒரு குச்சி."

"அதுல இருக்கிற கிருமியை எல்லாம் அந்தக் குட்டி உடம்பு ஒரே நேரத்துல பாத்துக்குது. ஒண்ணு வந்திருக்கு, நீ கொஞ்சம் நில்லு, அடுத்து நீ வான்னு வரிசை போடுறதில்லை. இந்த மூணு ஊசியில இருக்கிறது அதுல ஒரு துளி. சேத்துப் போட்டாலும் உடம்பு மூணையும் கத்துக்கும். காய்ச்சல் ஒரு நாள், ரெண்டு நாள் வரும். அழும். தனித்தனியாப் போட்டாலும் அதேதான், மூணு தடவை அழும்."

"அவருக்குச் சொன்னா புரியாது."

"அவரு இங்க இல்லை, நீ இருக்கே. ஆனா நான் கட்டாயப்படுத்த மாட்டேன். வேண்டாம்னா வேண்டாம்னு ஒரு தாள்ல கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். உக்காரு."

குளிர்ப்பெட்டியைத் திறந்து மூன்று சின்ன புட்டிகளை எடுத்து எனாமல் தட்டில் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு வைத்தாள். விரல் நீளம்கூட இல்லை ஒவ்வொன்றும்.

"இது தட்டம்மைக்கு. இது கக்குவான், தொண்டை அடைப்பான் இதுகளுக்கு. இது நிமோனியாவுக்கு. ஒண்ணுதானே? எதுன்னு நீயே சொல்லு."

"நீங்க சொல்லுங்க."

"நான் மூணுன்னு சொல்லிட்டேன். ஒண்ணுன்னு சொன்னது உங்க வீட்டுல. எந்த ரெண்டை மலைக்கு வெறுங்கையோட கூட்டிட்டுப் போறேன்னு நீதான் சொல்லணும்."

புருல் தட்டைப் பார்த்தாள். தட்டம்மைதான், சந்தேகமில்லை. அதுதான் பக்கத்திலே வந்து நிற்கிறது. சொல்ல வாய் திறந்தாள். அப்போது கக்குவான் நினைவுக்கு வந்தது. இரண்டு கோடைக்கு முன்னால் மேலே ஒரு கூடாரத்தில் ஒரு பயல் இருமி இருமி நீலம் பாரித்ததை அவளே பார்த்தாள், அந்தத் தாய் அவனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்ததையும் பார்த்தாள். சரி, அப்படியானால் மூன்றாவதை விடலாமா? ஜூனில் பனி விழுகிற இடம் அது. நெஞ்சில் சளி கட்டாத பிள்ளை அங்கே உண்டா? ஒவ்வொன்றாக மனசுக்குள் எடுத்து ஓரம் வைத்துப் பார்த்தாள். ஓரம் வைத்த ஒவ்வொன்றும் மறுபடி தட்டுக்கே வந்தது. மூட்டை தூக்குகிறவனிடம் ஒரு மூட்டையை விட்டுவிட்டுப் போ என்றால் கனமானதை விடுவான். இதில் எது கனம்?

வெளியே லாரியின் ஹாரன் நீளமாக ஒரு தடவை அடித்தது. ஊர் கேட்கிற ஹாரன்.

"உனக்குத்தான் அடிக்கிறாரு போல," என்றாள் அனார்குல்.

"போட்டுடுங்க."

"எதை?"

"மூணையும்."

"அவருக்கு என்ன சொல்லுவே?"

"தெரியலை. சீக்கிரம் போட்டுடுங்க, இல்லேன்னா மனசு மாறிடும்."

அனார்குலின் கை பழகிய கை. ஒவ்வொரு தொடையிலும் ஒன்று, கையில் ஒன்று. முதல் ஊசிக்குப் பெர்மெத் ஆச்சரியத்தோடு பார்த்தது. இரண்டாவதுக்கு உதடு பிதுங்கியது. மூன்றாவது ஏறும்போது அறை அதிர்ந்தது. கடைசியில் போலியோ சொட்டு இரண்டு, திறந்திருந்த வாயிலேயே விழுந்தது.

"அரை மணி நேரம் இங்கயே உக்காரணும். எல்லாரும் உக்காரணும், சட்டம்."

அந்த அரை மணி நேரமும் புருல் உட்காரவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். பிள்ளையின் உதட்டு நிறம் பார்த்தாள், மூச்சைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். அனார்குல் ஒரு பாட்டிலில் காய்ச்சல் மருந்து ஊற்றி, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அளவுக் குப்பியில் பேனாவால் கோடு போட்டாள். என் நம்பர் இருக்கில்ல, எதுன்னாலும் கூப்பிடு என்றாள். பிறகு வேறென்னவோ சொல்ல ஆரம்பித்தாள். அந்நேரம் ஹாரன் மூன்று தடவை விட்டுவிட்டு அடித்தது. புருல் தலையைத் தலையை ஆட்டினாள். காதில் விழுந்தது ஹாரன் மட்டும்தான். அரை மணி முடிந்தது என்று அனார்குல் சொல்லி முடிப்பதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

லாரி ஏற்கெனவே வீட்டு வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. சாமான்கள் ஏறியாகிவிட்டன. மேலே, கம்பளிக் கட்டுகளுக்கு நடுவில், சைரா தொட்டிலைக் கயிறு போட்டு நிறுத்தியிருந்தாள். மரத்தொட்டில். சைராவின் மூன்று பிள்ளைகளும் கிடந்து வளர்ந்தது. பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, கைகளை உடம்போடு ஒட்டி, கால்களை நீட்டி, அகலமான துணிப்பட்டை இரண்டால் அசையாமல் கட்டிவிடுவார்கள். மேல்பட்டை கைகளைச் சேர்த்து, கீழ்ப்பட்டை தொடைகளைச் சேர்த்து. அடியில் மூத்திரம் போக மரக்குழல். இப்படிக் கட்டினால் குதிரை மேல் வைத்தாலும் பிள்ளை விழாது. பெர்மெத்துக்கும் அது பிடிக்கும். கட்டினதும் கண் சொருகிவிடும்.

"குடு இங்க," என்று சைரா மேலிருந்தே கை நீட்டினாள். "ஒண்ணுதானே போட்டே?"

புருல் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுச் சக்கரத்தில் கால் வைத்து ஏறினாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே சைராவுக்குப் புரிந்துவிட்டது.

"மூணையும் போட்டுட்டியா. அடிப்பாவி. வாயால சரின்னுட்டு."

"அக்கா, அவர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"நல்லாச் சொல்லு. நான் வாயைத் திறக்க மாட்டேன். எனக்கு எதுக்கு வம்பு." சொல்லிக்கொண்டே பிள்ளையைக் கிடத்தினாள். பட்டையின் ஒரு முனையைச் சைரா இழுத்தாள், மறு முனையைப் புருல் இழுத்தாள். மலைப்பாதை, லாரி தூக்கிப் போடும். எப்போதையும்விட ஒரு சுற்று கூடவே இறுக்கினார்கள்.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டுமுன் பெர்மெத் அழ ஆரம்பித்தது.

முதலில் சாதாரண அழுகை. சைரா தொட்டிலை ஆட்டினாள். பிறகு நின்று நின்று வருகிற அழுகை. புருல் குனிந்து பால் கொடுத்துப் பார்த்தாள். வாயை வைத்து உடனே எடுத்துவிட்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் லாரி குதிக்க, ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு வீறல். அரை மணி, ஒரு மணி. ஆற்றுப் பாலம் தாண்டியபோது முகம் பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது, நெற்றி சுட்டது. புருல் கோடு வரை அளந்து மருந்து கொடுத்தாள். பாதி வெளியே வந்தது.

"காய்ச்சல் வரும்னு நர்ஸம்மா சொன்னாங்க," என்றாள், தனக்கே சொல்வது மாதிரி.

"இது காய்ச்சல் அழுகை இல்லைடி. நான் மூணு பெத்தவ. இது வலி அழுகை. உள்ள ஏதோ ஆகுது." சைரா சருகாகக் காய்ந்த தேவதாருக் கொழுந்தைத் தீக்குச்சியில் பற்றவைத்துத் தொட்டிலைச் சுற்றிப் புகை காட்டினாள். காற்றில் புகை புருலின் கண்ணுக்கே வந்தது. "காலையிலேயே சொன்னேன். ஒண்ணு பத்தாதான்னு. மூணு நோயைச் சேத்து ஒரு உடம்புக்குள்ள விட்டா அதுக என்ன ஒத்துமையாவா இருக்கும்?"

புருல் எழுந்தாள், உட்கார்ந்தாள். எழ இடமில்லாத இடத்தில் எழுந்து கம்பளிக் கட்டில் தலை இடித்துக்கொண்டாள். சாரத்து மேல் நிற்கிற எர்மெக்கின் முகம் வந்தது. சத்தியமா என்று கேட்டவன். இந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் அவனுக்குப் பதில் சொல்வது அப்புறம், தனக்குத் தானே என்ன சொல்லிக்கொள்வாள்? தட்டில் இருந்த மூன்று புட்டிகளில் இரண்டை விட்டிருக்கலாம். எந்த இரண்டை என்று இப்போதும் தெரியவில்லை. அது தெரியாததுதான் இன்னும் குடைந்தது.

பொறுக்க முடியாமல் முன்பக்கத் தகரத்தைக் கையால் அடித்தாள். லாரி நின்றது.

அது கற்குவியல் இருக்கிற வளைவு. கணவாய் ஏறத் தொடங்குமுன் டவர் கிடைக்கிற கடைசி இடம். மலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அங்கே நின்று கடைசியாக ஒரு தடவை போன் பேசிவிட்டுத்தான் போவார்கள். மூத்தவர் இறங்கி வந்து பின்பலகையில் முழங்கை வைத்து நின்றார்.

"மாமா, திரும்பிடலாமா?" என்றாள் புருல்.

அவர் மலையைப் பார்த்தார். மேலே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே காத்துக்கொண்டிருக்கிற இரண்டு ஆட்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"பிள்ளைக்கு முடியலைன்னா திரும்புறதுதான்," என்றார். "முதல்ல அந்த நர்ஸைக் கேளு. கேக்காம திரும்பாத."

போனில் இரண்டு கோடு இருந்தது. புருல் நர்ஸின் நம்பரை அழுத்தினாள். அனார்குல் உடனே எடுத்தாள்.

"அழுகுது நர்ஸம்மா. ரெண்டு மணி நேரமா. நிக்கவே மாட்டேங்குது."

"கேக்குது, கேக்குது. பிள்ளையோட சத்தமே எனக்குச் சொல்லுது, மூச்சு நல்லா இருக்கு. சூடு எவ்வளவு?"

"சுடுது. நெற்றி. மருந்து குடுத்தேன், பாதியைத் துப்பிடுச்சு."

"உடம்புல தடிப்பு? உதடு நீலம்? சோர்ந்து தொங்குதா?"

"இல்லை. விறைச்சுக்கிட்டுக் கத்துது."

"எங்க படுக்க வெச்சிருக்கே?"

"தொட்டில்ல."



"கட்டியா?"

"கட்டாம எப்படி? லாரியில."

"ஐயோ என் பொண்ணே," என்றாள் அனார்குல். "ரெண்டு தொடையிலயும் கையிலயும் ஊசி. ரெண்டு பட்டையும் சரியா அது மேலயே விழும். புதுக் காயத்தை ரெண்டு மணி நேரமா அழுத்திக் கட்டி, மேடுபள்ளத்துல குலுக்கிட்டு வரே. நீயா இருந்தா கத்த மாட்டியா? போகும்போது சொன்னேனே, ரெண்டு நாளைக்குத் தொட்டில் வேண்டாம், கையில வெச்சுக்கோன்னு. தலையை ஆட்டினியே."

"ஹாரன்," என்றாள் புருல். அதற்கு மேல் வரவில்லை.

"அவிழ்த்து விடு. அழுத்தாதே, தேய்க்காதே, எண்ணெய் கொழுப்பு ஒண்ணும் தடவாதே. ஈரத்துணி போடு. துப்பின மருந்தைத் திரும்பக் குடுக்காதே, நாலு மணி நேரம் போகட்டும். அரை மணி பாரு. அமைதியானா மேல போ. ஆகலைன்னா, இல்லை மூச்சு இழுத்தா, திரும்பி வா, நான் வழியிலயே வந்து நிக்கிறேன்."

போன் சத்தம் சைராவுக்கும் கேட்டிருந்தது. அவள் ஏற்கெனவே முடிச்சில் கை வைத்திருந்தாள். தான் போட்ட முடிச்சு தன் விரலுக்கே அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். பட்டை விலகியபோது தொடை இரண்டிலும் சிவப்பாக ஒரு கோடு, கோட்டின் நடுவில் பட்டாணி அளவுக்கு வீங்கிய ஒரு புள்ளி. கையிலும் அப்படியே.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒரு முனையை இழுத்தது சைரா, மறு முனையை இழுத்தது புருல். இதில் பழியை எவள் மேல் போடுவது.

பெர்மெத் கால் இரண்டையும் உதறியது. உதறியதே வலித்துவிட்டதால் ஒரு தடவை பலமாகக் கத்தியது. அப்புறம் சத்தம் இறங்கியது. புருலின் மார்பில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு கேவிக் கேவி மூச்சு வாங்கியது. பால் குடித்தது. குடித்துக்கொண்டே விம்மியது.

போன் அடித்தது. எர்மெக்.

இப்போது பிள்ளை அழவில்லை. காற்றின் சத்தம்தான். ஒன்றுதான் போட்டேன் என்று சொன்னால் அவனுக்குத் தெரியப்போவதில்லை. சைரா ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள், வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்ன சொல்லுக்காக.

"கணவாய்கிட்ட இருப்பீங்கன்னு பாத்தேன்," என்றான் எர்மெக். "பிள்ளை எப்படி இருக்கு? எந்த ஊசி போட்டே?"

"மூணும் போட்டாச்சு."

"என்னது?"

"மூணும். சொட்டு மருந்தும். காய்ச்சல் அடிக்குது. தொட்டில்ல கட்டிட்டோம், அது தப்பு, ரெண்டு மணி நேரம் கத்துச்சு. இப்ப அவிழ்த்துட்டோம்."

"நான் என்ன சொன்னேன் உன்கிட்ட?"

"ஒண்ணுன்னு சொன்னீங்க. எதுன்னு சொல்லலை."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியலை. மூணையும் தட்டுல வெச்சாங்க. நான் ஒவ்வொண்ணா விட்டுப் பாத்தேன். விட முடியலை." அவள் குரல் உயரவில்லை. "திட்டணும்னா திட்டுங்க. இங்க டவர் இருக்கு, மேல போனா கிடைக்காது."

அவன் திட்டவில்லை.  பின்னால் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், இவன் போனை வைக்கவில்லை.

"அண்ணன்கிட்ட குடு," என்றான் கடைசியில்.

மூத்தவர் போனை வாங்கிக் காதில் வைத்தார். வெகு நேரம் கேட்டார். "ம்," என்றார். "ம். பால் குடிக்குது. கண்ணு தெளிவா இருக்கு. இல்லை, திரும்பலை, அரை மணி பாத்துட்டுத்தான். டேய், நீ சாரத்துல பாத்து நில்லு," என்று சொல்லிப் போனைக் கொடுத்தார். இணைப்பு அறுந்திருந்தது.

அரை மணி அங்கே நின்றார்கள். மூத்தவர் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒன்றுமில்லாத டயரை உதைத்துப் பார்த்தார். பெர்மெத் தூங்கிவிட்டது. நெற்றி இன்னும் சூடுதான், ஆனால் கொதிக்கவில்லை. மூச்சு சீராக இருந்தது. புருல் மூன்று தடவை குனிந்து கேட்டாள்.

"போகலாம் மாமா," என்றாள்.

லாரி கணவாயில் ஏறத் தொடங்கியதும் காலித் தொட்டில் தானாக ஆடியது. பிள்ளை இல்லாத தொட்டில் ஆடக்கூடாது. அங்கே பச்சைப்பிள்ளை வைத்திருக்கிற எவளும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். புருல் கையில் பிள்ளையோடு எழ முடியாமல் தவித்தாள். சைரா சுற்றிலும் பார்த்தாள். கம்பளிக்குள் செருகியிருந்த, டீக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கிற பெரிய சமோவாரை இழுத்து எடுத்தாள், தூக்கித் தொட்டிலுக்குள் கிடத்தினாள். மேல்பட்டை, கீழ்ப்பட்டை இரண்டையும் போட்டு இறுக்கிக் கட்டினாள்.

"இவனுக்கு எத்தனை ஊசி போட்டாலும் அழ மாட்டான்," என்றாள்.

புருலுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் பிள்ளை எழுந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் சைரா கேட்காமலே கை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள், தொடையில் கை படாமல், பின்பக்கமாகத் தாங்கி. புருலின் கை இரண்டும் மரத்துப்போயிருந்தன. அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்தாள், கம்பளியில் வைத்தாள், மறுபடி நீட்டிப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள்.

"தொட்டுத் தொட்டே தேச்சுடுவே போல," என்றாள் சைரா. "உக்காருடி."

கணவாயின் உச்சியில் பழைய பனி பாதையின் இருபக்கமும் சுவராக நின்றது. இறக்கத்தில் புல் தெரிந்தது, ஆடுகள் தெரிந்தன, இரண்டு ஆட்கள் கை காட்டிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. பொழுது சாயவில்லை.

கம்பளியை விரிப்பதற்கு முன்பே பெர்மெத் எழுந்துவிட்டது. நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. வெதுவெதுப்பு இருந்தது, அவ்வளவுதான். காய்ந்த தயிர் உருண்டை ஒன்றைக் கேட்டு வாங்கி வாயில் அடக்கிக்கொண்டது. தரையில் விட்டதும் இடது காலை மடக்கப் பார்த்து வலிக்கவே முனகியது. கொஞ்சம் யோசித்தது. அப்புறம் அந்தக் காலை அப்படியே நீட்டி இழுத்துக்கொண்டு, மற்ற மூன்றால், கோணல்மாணலாக, கூடாரக் கழி இறக்குகிற ஆட்களின் காலடியை நோக்கிப் போனது.

புருல் காலையிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்தாள். உட்கார்ந்த சூடு ஏறுவதற்குள் பிள்ளை நாயின் தண்ணீர்ச் சட்டியில் கை விட்டு, நனைந்த கையை வாயில் வைத்துவிட்டது. எழுந்து ஓடினாள்.